மாரிக்கு முன்னால் கடைக்கூரையில் எங்கே கை வைக்க வேண்டும்

நுவரெலியா டவுனுக்குச் சற்று வெளியே உரம், விதை, பூச்சி மருந்து விற்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். படமும் அனுப்பியிருந்தார். முன்பக்கம் கொங்கிறீட் ஸ்லாப் போட்ட கடை. பின்னால் சுமார் 5000 சதுர அடியில் பழைய தகரக் கூரை போட்ட ஸ்டோர்ஸ். அதை ஒட்டி அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட பழைய இறக்கம் ஒன்று. போன டிசம்பரில் முகட்டுத் தகரம் இரண்டு கிளம்பிவிட்டதாம், யூரியா மூட்டைகள் நனைந்து கட்டிப் போய்விட்டனவாம். குளிர்காலத்தில் கூரையைக் காப்பது எப்படி என்று தேடினால் கனடாக்காரன் பனி அள்ளுகிற வீடியோதான் வருகிறதாம். "கூரை முழுக்க நல்ல வோட்டர் ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிட்டால் போதுமா அண்ணன்?" என்பது அவர் கேள்வி.

போதாது தம்பி. அந்தக் காசை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். தோட்டத்து ஸ்டோருகளிலும் டவுன் கடைகளிலும் இருபது வருஷத்துக்கு மேல் கூரை வேலை பார்த்தவன் நான். இதில் பாதி, பிழை விட்டுக் கற்றுக்கொண்டது.

அந்த வீடியோக்களை முதலில் மறந்துவிடுங்கள். அங்கே கூரைக்கு எதிரி பனியின் பாரம். அடிக்கணக்கில் விழுந்து குவிந்து கூரையை அமுக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் விழும் துகள் பனி கரட் பாத்தியையும் தேயிலைக் கொழுந்தையும் கருக்குமே தவிர கூரைக்குப் பாரம் ஆகாது. நம் கூரையைக் காற்று கீழே அமுக்குவதில்லை, மேலே இழுக்கிறது. அங்கே கூரையைத் தாங்கத் தூண் தேடுகிறார்கள், நாம் கூரையைக் கட்டிப்போடக் கயிறு தேட வேண்டும்.

மலையகம் முழுவதற்கும் ஒரே மாரி என்பதும் கிடையாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். வருஷத்துக்கு 5000 மி.மீ. தாண்டும் இடங்கள் அவை. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவில், மழை குறைந்து வெறும் காற்று வரும். கச்சான் காற்று என்பார்கள். அப்புத்தளையில் ஜூன், ஜூலை மாதம் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். பதுளை, பண்டாரவளைக்கு உண்மையான மாரி டிசம்பரில் வாடைக்காற்றோடு வருகிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக் காற்றும் வரும், ஒக்டோபர், நவம்பரில் இடியோடு பின்னேர மழையும் வரும், அது முடிந்தால் விடியற்காலைப் பனியும் வரும். ஆகவே ஹட்டனில் மாமா செய்ததை அப்படியே இங்கே செய்யாதீர்கள். உங்கள் கட்டடத்தின் எந்த முகம் எந்தக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஒருநாள் வெளியே நின்று பாருங்கள். போன டிசம்பரில் கிளம்பிய முகட்டுத் தகரம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே பாதிப் பதில் சொல்லிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூரை நடுவில் கெடுவது அபூர்வம், ஓரத்தில்தான் கெடும். இறவாரம், முகடு, நான்கு மூலை, சுவரோடு கூரை சேரும் இடம், இரண்டு கூரை சந்திக்குமிடத்தில் தண்ணீர் ஓடும் பீலி. இந்த ஓரங்களை எல்லாம் கூட்டினால் மொத்தக் கூரையில் கொஞ்சப் பரப்புத்தான் வரும். நான் பார்த்த சேதங்களில் மிச்சச்சொச்சம் போக எல்லாமே அங்கேதான் தொடங்கின. பெயின்ட் அடிக்கிறவர் நடுவில் சாவகாசமாக அடித்துவிட்டு, ஓரத்துக்கு வந்ததும் ஏணி எட்டவில்லை என்று விட்டுவிட்டு இறங்குவார். அதனால்தான் பெயின்ட் வேண்டாம் என்றேன்.

காற்று கூரையில் மோதி மேலேறித் தாண்டும்போது ஓரங்களில் உறிஞ்சி இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்று ஒரு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம், கடல் மட்டத்தில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோ எடைக்குச் சமம். நுவரெலியா உயரத்தில் காற்று கொஞ்சம் லேசானது, அப்படியும் 40 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். மூலைகளில் இழுப்பு அதைவிடக் கூடும். நீங்கள் போட்டிருக்கிற தகரம் 0.47 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டர் நாலு, நாலரை கிலோதான் இருக்கும். 40 கிலோ இழுப்பை நாலரை கிலோ தகரம் தன் எடையால் எதிர்க்க முடியாது. பிடித்திருப்பது ஸ்க்ரூ மட்டும்தான்.

தோட்டத்து லயன் வீட்டுக் கூரையில் கல்லும் டயரும் மண் மூட்டையும் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேறு வழியில்லாமல் வைத்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அது காற்றடிக்கும்போது தகரம் படபடக்கிற சத்தத்தைக் குறைக்குமே தவிர, நிஜமான புயலில் தகரத்தை நிறுத்தாது. தகரம் கிளம்பினால் அந்தக் கல் யார் தலையில் விழும் என்பதும் இருக்கிறது. கீழே ஆள் நடமாடுகிற கடைக்கூரையில் கல் வைக்கவே கூடாது.

சரி, ஸ்க்ரூ போட்டால் முடிந்ததா என்றால், அதுவும் பாதிதான். தகரத்தை அதன் அடியில் குறுக்கே ஓடும் ரீப்பைச் சட்டம் பிடித்திருக்கிறது, ரீப்பையைச் சரிவாக இறங்கும் கைமரம், கைமரத்தைச் சுவர். இந்தச் சங்கிலியில் எது மெலிந்ததோ அது அறும். நல்ல ஸ்க்ரூவாகப் பார்த்துத் தகரத்தை இறுக்கியிருப்பார்கள், ரீப்பையைக் கைமரத்தில் இரண்டங்குல ஆணி ஒன்றால் தட்டியிருப்பார்கள். காற்று வந்தால் தகரமும் ரீப்பையும் சேர்ந்தே பாய் சுருட்டினாற்போல் போய்விடும். தகரம் ரீப்பையோடு ஒட்டியபடி பக்கத்துத் தோட்டத்தில் கிடந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே ஸ்டோர்ஸின் உள்ளே ஏணி வைத்து ஏறி, ஓரத்துக் கைமரங்கள் ஒவ்வொன்றும் சுவரோடு எதனால் பிணைந்திருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். வெறும் சாந்தில் பதித்திருந்தால் இரும்புப் பட்டி வளைத்துச் சுவரில் போல்ட் போட வேண்டும். ரீப்பை கைமரத்தில் சேருமிடத்திலும் சிறு பட்டியோ நீளமான ஸ்க்ரூவோ வேண்டும். கூரை முழுக்கச் செய்யக் காசு இல்லையென்றால் நான்கு மூலையிலும் இரண்டு இறவாரத்திலும் மட்டும் செய்யுங்கள்.

கடைக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்டோர்ஸின் ரோலர் கதவு பெரிது. லொறி பின்னால் வந்து நிற்க வசதியாக 12 அடி அகலம் வைத்திருப்பீர்கள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்போது கதவு திறந்திருந்தால், உள்ளே நுழைந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரைக்குத் தாங்காது. புயல் எச்சரிக்கை என்றால் முதலில் கதவைச் சாத்துங்கள், மூட்டையை அப்புறம் அடுக்கலாம். கடைக்கு முன்னால் ஆட்கள் நனையாமல் நிற்க என்று நீட்டிவிட்ட இறவாரத்துக்கும் இதே கதைதான். இரண்டடிக்கு மேல் நீட்டியிருந்தால் கீழிருந்து தாங்குகட்டை வேண்டும்.

இனி ஸ்க்ரூ. பழைய கூரை என்றீர்கள், அப்படியானால் பாதி இடத்தில் ஆணிதான் இருக்கும். ஆணி தானாகவே மேலெழும். காரணம் வெயிலும் குளிரும். பகல் வெயிலில் தகரம் 55 பாகை வரை சுடும், விடியற்காலையில் 5 பாகைக்கு இறங்கும். 40 அடி நீளத் தகரம் இந்த 50 பாகை வித்தியாசத்தில் 7 மி.மீ. அளவு நீண்டு சுருங்கும். தினமும். கொழும்பில் இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே புழுக்கம், அங்கே இந்த ஆட்டம் நம்மிடத்தைவிடக் குறைவு. வருஷக்கணக்கில் இப்படி இழுபட்டு ஆணி கழன்று நிற்கும், துளை நீள்வட்டமாகும், வாஷர் வெடிக்கும். எழும்பிய ஆணியை மறுபடி சுத்தியலால் அடித்து இறக்குவது வீண், அடுத்த மாரிக்குள் திரும்ப எழும்பும். அதைப் பிடுங்கிவிட்டு, அதைவிடத் தடித்த ஸ்க்ரூவை றப்பர் வாஷரோடு போட வேண்டும்.

தகரத்தின் மேட்டில்தான் ஸ்க்ரூ போடுவது, பள்ளத்தில் அல்ல. தண்ணீர் பள்ளத்தில் ஓடுகிறது, அங்கே துளை போட்டால் ஒழுகாமல் என்ன செய்யும்? இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் பள்ளத்தில் ட்ரில் வைக்க வசதி என்று போட்டுவிட்டுப் போகிற பாஸ்மார், அதாவது மேஸ்திரிமார், இருக்கிறார்கள். நடுக்கூரையில் மூன்று மேட்டுக்கு ஒன்று என்றால், இறவாரத்திலும் முகட்டிலும் ஒன்றுவிட்டு ஒன்று, மூலையில் ஒவ்வொரு மேட்டுக்கும். வாஷர் லேசாக அமுங்கும் வரைதான் இறுக்க வேண்டும். றப்பர் பிதுங்கி வெளியே வந்தால் அது ஒரு வருஷத்தில் வெடிக்கும்.

மாற்றித் தகரம் போடுகிற இடத்தில் மேற்படிவையும், அதாவது ஒரு தகரம் அடுத்ததன் மேல் ஏறிப் படியும் அளவையும், கவனியுங்கள். பக்கவாட்டில் ஒன்றரை அலை, நீளவாக்கில் குறைந்தது 6 அங்குலம், சரிவு குறைந்த கூரையென்றால் 8. பக்கவாட்டுப் படிவின் வாய் காற்று வரும் திசைக்கு முதுகு காட்ட வேண்டும். அதாவது காற்று வராத பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டு வர வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, சீலன்ட் பூசி அடைப்பதை எத்தனையோ கடைகளில் பார்த்துவிட்டேன்.

அடுத்தது தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் ஒரு லீட்டர். உங்கள் 5000 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தால் 46,000 லீட்டருக்கு மேல். ஆயிரம் லீட்டர்த் தாங்கி நாற்பத்தாறு. ஒரு நாளில் விழுவதைவிட ஒரு பின்னேரத்தில் விழுவதுதான் பிரச்சினை. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் அரை மணித்தியாலம் கொட்டினால் விநாடிக்கு 13 லீட்டர் இறங்கும், ஒரு பக்கச் சரிவுக்கு ஆறரை. இதை ஒரு 4 அங்குலப் பைப் தனியாக விழுங்காது. பக்கத்துக்கு இரண்டு வேண்டும், மூன்று என்றால் நிம்மதி. பீலிக்கு வாட்டம் 10 அடிக்கு அரை அங்குலம் போதும்.

தோட்டத்தில் பீலி என்றால் குளிக்கிற இடம். கூரைப் பீலியும் குளிக்கிற இடமாகிவிடக் கூடாது. பின்னால் சவுக்கு மரம் நிற்கிறது என்றால் மாதம் ஒருமுறை இலை அள்ளுங்கள், சவுக்கு இலை காய்ந்து சுருண்டு பைப் வாயில் குருவிக்கூடு மாதிரி அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தரம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மரம் இல்லாத டவுன் கடைக்கு அது சரி, உங்களுக்குச் சரிவராது.

உங்கள் படத்தைப் பார்த்ததில் எனக்குப் பெரிய சந்தேகம் நடுப்பீலி மேல்தான். ஸ்டோர்ஸ் கூரையும் அஸ்பெஸ்டஸ் இறக்கமும் சந்திக்குமிடத்தில் ஒரு பெட்டிப் பீலி ஒளிந்திருக்கிறது. வெளிப்பீலி நிரம்பினால் வெளியே வழியும், யாருக்கும் நட்டமில்லை. நடுப்பீலி நிரம்பினால் வழிவதற்கு ஒரே இடம் உங்கள் ஸ்டோர்ஸின் உள்ளேதான். மூட்டை நனைந்தது எந்த வரிசையில்? அந்தச் சுவரோரம் என்றால் கூரையில் ஓட்டை தேடி ஏறவே வேண்டாம். பீலியின் இரண்டு முனையிலும், அதன் விளிம்பைவிட ஒன்றரை, இரண்டு அங்குலம் தாழ்வாக ஒரு வழிதுளை வெட்டி வெளியே குழாய் நீட்டிவிடுங்கள். கீழே பைப் அடைத்தாலும் தண்ணீர் அந்தத் துளையால் வெளியே பாயும், அது பாய்வதைக் கண்டால் பைப் அடைத்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். கூரை வேலையில் இதைவிடச் சல்லிசான காரியம் எனக்குத் தெரியாது. டவுனில் முன்மதில் கட்டித் தகரத்தை மறைத்த கடைகள் எல்லாவற்றுக்கும் இது வேண்டும், கிட்டத்தட்ட எதிலும் இல்லை.

பைப்பால் இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். மலையில் கட்டடம் என்றால் பின்னால் வெட்டிய மண்கரை இருக்கும், அல்லது முன்னால் சரிவு இருக்கும். 46,000 லீட்டரையும் அந்தக் கரையின் தலையிலோ காலிலோ விட்டால் மண் ஊறும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி மழைக்குப் பீலி பதில் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் சாதாரண மாரியில் ஒரு கரை நம் கூரைத் தண்ணீரால் ஊறக் கூடாது. சீமெந்துக் கானில் எடுத்துப் பொதுக் கான்வரை கொண்டுபோய் விடுங்கள். கரையில் வெடிப்புக் கண்டாலோ, மரம் சாய்ந்தாலோ, சுவரடியில் சேற்றுத் தண்ணீர் ஊறினாலோ கூரையை மறந்துவிட்டு ஆட்களை வெளியே எடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைக்கலாம்.

இனி என் பிழை ஒன்று. பல வருஷத்துக்கு முன் ஒரு பேக்கரிக் கூரை ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். ஏறிப் பார்த்தேன், இரண்டு ஸ்க்ரூ சந்தேகமாக இருந்தது, மாற்றினேன். ஒரு வாரத்தில் மறுபடி ஒழுக்கு. சீலன்ட் பூசினேன். மறுபடி. மூன்றாம் தடவை முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். அன்று மழையே இல்லாத ஜனவரி விடியற்காலை, புல்லில் வெள்ளையாகத் துகள் பனி. உள்ளே போனால் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. அப்போதுதான் மண்டையில் ஏறியது: இது மழைத் தண்ணீரே இல்லை, போறணையிலிருந்து எழும் ஆவி.

மேகமில்லாத இரவில் தகரம் வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டு, சுற்றியிருக்கிற காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். 20 பாகைக் காற்று ஒரு கன மீட்டரில் 17 கிராம் வரை நீராவி வைத்திருக்கும். 5 பாகைக்கு இறங்கினால் 7 கிராம்தான் வைத்திருக்க முடியும். மிச்சம் தகரத்தின் அடியில் வியர்வையாகப் படியும், கூடினால் சொட்டும். பேக்கரி, ஹோட்டல் குசினி, சலவைக்கடை, ஈரக் கொழுந்தோ மரக்கறியோ அடுக்கிய ஸ்டோர்ஸ், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கூரையில் ஓட்டையே இல்லாமல் ஒழுகும்.

உங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் யூரியா காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், சொட்டு விழ வேண்டுமென்றுகூட இல்லை. கண்டுபிடிப்பது சுலபம். மழை பெய்யும்போது மட்டும் சொட்டினால் ஒழுக்கு. மழையில்லாமல் தெளிந்த இரவுக்குப் பிறகு விடியலில் சொட்டி, பத்து மணிக்கு நின்றால் வியர்வை. வியர்வைக்கு மருந்து மேலே பூசுவதில் இல்லை. முகட்டில் காற்றுப் போக வழி, இறவாரத்தில் காற்று வர வழி, முடிந்தால் தகரத்துக்கு அடியில் வெள்ளி நிற இன்சுலேஷன். மழை உள்ளே அடிக்காமல் வளைந்த மூடியுள்ள முகட்டுத் துவாரம் கேட்டு வாங்குங்கள். மூட்டைகளைப் பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். உரத்தூசு இன்னொரு வேலையும் செய்யும். ஈரத்தோடு சேர்ந்து தகரத்தை அடியிலிருந்து தின்னும். மேலே பளபளவென்று இருக்கிற தகரம் உள்ளே பொருக்குத் தட்டியிருக்கும். ஆகவே டோர்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அஸ்பெஸ்டஸ் இறக்கத்துக்கு வருவோம். அதன் மேல் யாரையும் நடக்க விடாதீர்கள். பழைய சீட் பாசி பிடித்துக் கல்மாதிரித் தோன்றும், கால் வைத்தால் அப்பளம். வெளிச்சத்துக்குப் போடுகிற கண்ணாடி நார்ச் சீட்டும் அப்படியே, வருஷம் போனால் பக்கத்துத் தகரத்தின் நிறத்துக்கே வந்துவிடும். என்னோடு வேலை செய்த ஒரு பையன் அப்படித்தான் விழுந்தான், கீழே மூட்டை இருந்ததால் காலோடு போயிற்று. குறுக்கே பலகை போட்டு, போல்ட் வரிசையின் மேல்தான் பாரம் விழ வேண்டும். பாசியைக் கம்பித் தூரிகையால் உரசுவதோ, பிரஷர் வோஷர் அடிப்பதோ, உலர்ந்த சீட்டில் ட்ரில் போடுவதோ வேண்டாம். அந்த நார்த்தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும், வருவதற்கு இருபது முப்பது வருஷம்கூட ஆவதால் யாரும் பயப்படுவதில்லை. உடையாத சீட்டை அப்படியே விடுங்கள். உடைந்ததைக் கழற்றும்போது தண்ணீர் தெளித்து, நல்ல முகமூடி போட்டு, உடைக்காமல் இறக்கிப் பொலித்தீனில் சுற்ற வேண்டும். குரங்குகள் மேலே குதித்து உடைத்தால்? அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. அந்த இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்துக்கு மாற்றுவதுதான் என் யோசனை.

ஸ்லாப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தை சோக்கால் வட்டம் போடுங்கள், அங்கே வாட்டம் திருத்தாமல் மேலே எதைப் பூசினாலும் உரியும். பூசும் வேலையை ஈர ஸ்லாப்பில் செய்யாதீர்கள். நுவரெலியாவில் அதற்கு நல்ல காலம் பெப்ரவரியும் மார்ச்சும். ஏப்ரல் வந்தால் சுற்றுலா சீசன், டவுனில் ஆளும் கிடைக்காது, லொறியும் நகராது.

பெயின்டுக்குக் கடைசியில் வந்திருக்கிறேன், அதற்குரிய இடம் அதுதான். துரு மேலாக இருந்தால் தகரத்தைச் சுரண்டி, துத்தநாக ப்ரைமர் அடித்து, அதற்கு மேல் கூரைப் பெயின்ட் அடிக்கலாம், ஆயுள் கூடும். துரு துளைத்துவிட்டால் சீட்டை மாற்றுங்கள். புதுத் தகரத்தில் நேரடியாக எனாமல் அடித்தால் துத்தநாகம் அதைப் பிடிக்காது, இரண்டு வருஷத்தில் பாளம் பாளமாக உரியும். சிலிக்கன் வாங்கும்போது மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், வினாகிரி வாசம் அடித்தால் அது தகரத்தைத் தின்னும் ஜாதி, மணக்காத வகையைக் கேளுங்கள். துத்தநாகம், அலுமினியம் கலந்து பூசிய புது வகைச் சீட்டில் பென்சிலால் கோடு போடவும் கூடாது, பென்சில் கரி பட்ட இடத்தில் அரிப்புப் பிடிக்கும். மார்க்கர் பேனை போதும். கிரைண்டரால் வெட்டினால் பறக்கும் இரும்புத் தூளை அன்றே துடைத்தெடுங்கள், விட்டால் மறுநாள் மழைக்குப் பிறகு கூரை அம்மை போட்ட மாதிரி இருக்கும். சுவரோடு சேரும் இடத்தை ஈரச் சாந்தால் அடைக்கிற பழக்கமும் இந்தச் சீட்டுக்கு ஆகாது. தகரப் பிளாஷிங், அதாவது அந்த இடைவெளியை மூடும் தகரப் பட்டி, வளைத்துச் சுவரில் வெட்டிச் செருக வேண்டும்.

சோலார் பலகை போடுகிற யோசனை இருந்தால் மேற்சொன்ன எல்லாம் முடிந்த பிறகு போடுங்கள். கால் ஒவ்வொன்றும் ஒரு துளை, பலகை ஒவ்வொன்றும் காற்றுப் பிடிக்கும் ஒரு கப்பல் பாய்.

இப்போது மாரிக்கு இன்னும் சில கிழமைதான் இருக்கிறது, எல்லாம் செய்ய முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்தக் கிழமை பீலி அள்ளி வழிதுளை வெட்டுவேன். அடுத்த கிழமை முகடும் மூலைகளும் இறவாரமும் ஸ்க்ரூ மாற்றுவேன், பட்டி போடுவேன். ஸ்லாப்பும் பெயின்டும் பெப்ரவரிக்கு. பெரிய தறப்பாள் ஒன்றும் கயிறும் வாங்கி ஸ்டோர்ஸிலேயே வையுங்கள், தகரம் போன அன்று கடையில் அதற்கு அடிபிடி. வேலையைக் காலையில் முடித்துவிடச் சொல்லுங்கள், ஒக்டோபர் பின்னேரத்து இடியில் கூரை மேல் ஆள் நிற்கக் கூடாது. ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டாவிட்டால் ஏற்றாதீர்கள், "நமக்குப் பழக்கம்" என்று சிரிப்பார், பரவாயில்லை.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருதரம் எடுத்து வாசியுங்கள். தீக்கு எடுத்த பத்திரத்தில் புயலும் வெள்ளமும் மண்சரிவும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நாள்பட்ட துருவால் வந்த சேதத்துக்குத் தரமாட்டார்கள். வேலை முடிந்ததும் ஓரங்கள், ஸ்க்ரூக்கள், பீலி எல்லாவற்றையும் திகதி தெரியப் படம் எடுத்து, வேலைக்குக் கொடுத்த பில்லோடு வைத்திருந்தால் பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது.

பெயின்ட் வாங்கப் போவதற்கு முன் ஒரு வேலை. நாளை உச்சி வெயிலில் ஸ்டோர்ஸ் கதவுகளைச் சாத்திவிட்டு, விளக்கையும் அணைத்து, ஐந்து நிமிஷம் கண் பழகும்வரை உள்ளே நில்லுங்கள். கூரையில் எங்கெங்கே ஊசி முனை வெளிச்சம் தெரிகிறதோ அதன் கீழே தரையில் சோக்கால் புள்ளி வையுங்கள். புள்ளிகளை ஒரு படம், நடுப்பீலியின் அகலம், ஆழம், அதில் எத்தனை பைப் இறங்குகிறது. இந்த மூன்றையும் அனுப்புங்கள், எத்தனை ஸ்க்ரூ, எத்தனை அடி பிளாஷிங் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.